பெயர் தெரியாத அரசருக்கு ஒரு குவிமாடம்

சச்சிதானந்தன் செய்த ஒரே தப்பு, அனுமதி கேட்டதுதான். கேட்காமல் செய்திருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும் காரியம். கேட்டதால் என்ன ஆனது என்பதற்குச் சாட்சியாக, மெல்பர்னில், டண்டினொங்கிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடத் தொலைவில், ஒரு பூங்காவின் நடுவே நான்கு தூண்களின் மேல் ஒரு குவிமாடம் நிற்கிறது. நகரசபையின் பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கேதான் எனக்குச் சம்பளம்.

நான் அந்த நகரசபை நூலகத்தில் புத்தகங்களுக்கு எண் ஒட்டுகிறவன். பெயர் பார்த்தசாரதி. மதராஸிலிருந்து எழுபத்து நாலில் வந்தேன். சச்சிதானந்தன் அதே கட்டடத்தின் மாடியில், பொறியியல் பிரிவில், மழைநீர் வடிகால்களுக்குப் படம் வரைகிறவர். யாழ்ப்பாணத்துக்காரர். ஐம்பத்து மூன்று வயது. இங்கே வருவதற்கு முன் கொழும்பில் அரசாங்கப் பொதுவேலைத் திணைக்களத்தில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர். அந்த இருபத்திரண்டு வருஷம்தான் அவரைக் கெடுத்தது என்பது என் கட்சி. அங்கே காய்ச்சல் வந்தால்கூட எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் படுக்க வேண்டும் போலிருக்கிறது.

எழுபத்தாறு ஜூலையில் அவர் மனைவி இரஞ்சிதம் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் அந்த அம்மாள் கேட்டது ஒன்றே ஒன்று. மாலையில் இருவரும் நடக்கப் போகும் பூங்காவில் ஒரு ஓடை உண்டு. "என்னை ஊருக்குக் கொண்டுபோற அலுப்பு வேண்டாமப்பா. இந்த ஓடையிலை கரைச்சு விடுங்கோ. ஓடை கடலுக்குத்தானே போகுது. கடல் கீரிமலைக்கும் போகும்தானே" என்றாராம். கீரிமலை, யாழ்ப்பாணத்துக்காரர்கள் அஸ்தி கரைக்கிற கடற்கரை. இவர் "ஓம்" என்று ஒப்புக்கொண்டுவிட்டார்.

எரித்த இடத்தில் ஒரு பழுப்பு நிற பிளாஸ்டிக் பெட்டியில் சாம்பலைப் போட்டு, எண் ஒட்டிக் கொடுத்தார்கள். யாழ்ப்பாணத்து வழக்கப்படி முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு. அதற்குள் அஸ்தியைக் கரைத்துவிட வேண்டும். அதுவரை வீட்டுக்குள் வைக்கவும் கூடாது. எனவே கராஜில், புல்வெட்டும் இயந்திரத்துக்கும் பெயின்ட் டப்பாவுக்கும் நடுவே ஒரு தட்டில் வைத்தார். இரஞ்சிதம் அம்மாள் குளிருக்குப் பயந்தவர். அந்த அம்மாளின் நீல நிற கார்டிகனை எடுத்துப் பெட்டியைச் சுற்றி, பொத்தானும் போட்டுவிட்டார். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

"காலையில ஆறு மணிக்கு ரெண்டு பேரும் போவோம் சார். ஒரு ஈ காக்கா இருக்காது. கரைச்சுட்டு வந்துடலாம்" என்றேன்.

"கேக்காமலோ?" என்றார். நான் ஏதோ வங்கியைக் கொள்ளையடிக்கக் கூப்பிட்டதுபோல் பார்த்தார். "அது நகரசபையின்ரை ஓடையெல்லோ. நான் நகரசபை உத்தியோகத்தன். ஒரு கடிதம் எழுதிப் போட்டால் போச்சு. ஒரு கிழமையிலை பதில் வந்திடும்."

எழுதினார். கார்பன் வைத்து மூன்று பிரதி. 'பின்வரும் விடயத்தைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவரும் கௌரவத்தைப் பெற்றுள்ளேன்' என்று தொடங்கும் ஆங்கிலம். மனைவியின் சாம்பலைக் கரைக்க இடம் கேட்பதில் என்ன கௌரவம் என்று நான் கேட்டேன். அரசாங்கக் கடிதம் அப்படித்தான் தொடங்கும் என்றார்.

கடிதம் டவுன் கிளார்க் பிளென்கினிடம் போனது. நகரசபையில் மேயர் வருவார், போவார். டவுன் கிளார்க் இருப்பார். பிளென்கின் பதினெட்டு வருஷமாக இருக்கிறார். ஒரு வாரம் கழித்து சச்சிதானந்தனைக் கூப்பிட்டனுப்பினார். அவர் பேசியது ஆங்கிலம்தான். தமிழில் தருகிறேன், அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது.

"மிஸ்டர் சட்ச், உங்கள் துயரத்தில் முழுமையாகப் பங்குகொள்கிறோம். ஆனால் துயரத்துக்கு எங்களிடம் படிவம் இல்லை. சபையின் விதிகளை இரண்டு நாள் புரட்டிப் பார்த்தேன். உங்கள் விண்ணப்பம் பொருந்துகிற விதிகள் இரண்டுதான் இருக்கின்றன. ஒன்று, நீர்நிலைகளில் கழிவு கொட்டுதல். மற்றது, பூங்காக்களில் நினைவுச் சின்னம் எழுப்புதல். முதலாவதற்கு அபராதம். இரண்டாவதற்குப் படிவம். நீங்கள் நம் ஊழியர் என்பதால் இரண்டாவதில் சேர்த்திருக்கிறேன். நன்றி சொல்ல வேண்டியதில்லை."

சச்சிதானந்தன் நன்றி சொன்னார். படிவத்தை வாங்கிக்கொண்டு வந்து மதிய இடைவேளையில் நிரப்பினார். உயரம்: இல்லை. அகலம்: இல்லை. கட்டுமானப் பொருள்: இல்லை. எவ்வளவு காலத்துக்கு: பத்து நிமிடம்.

இப்படி ஒரு படிவம் சபையின் வரலாற்றில் வந்ததில்லை. இல்லை என்று எழுதியவன் இயலாமையால் எழுதியிருக்கிறான், பாவம், அவனுக்கு நாம்தான் ஏதாவது செய்து கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். புதிதாக வந்து குடியேறியவர்களின் பண்பாட்டை வளர்க்கச் சொல்லி எல்லாச் சபைகளுக்கும் மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வரத் தொடங்கியிருந்த காலம் அது. எங்கள் சபையில் அதற்காகப் பண்பாட்டு ஆலோசனைக் குழு என்று ஆறு பேர் கொண்ட ஒரு குழு இருந்தது. அதில் ஒருவர் கப்பலில் வரும்போது கொழும்புத் துறைமுகத்தில் ஒரு பிற்பகல் இறங்கி நின்றவர். கிழக்கு நாடுகள் சம்பந்தமான எல்லாவற்றுக்கும் அவர்தான் நிபுணர்.

இனி நான் செய்த பாவத்தைச் சொல்ல வேண்டும்.

பிளென்கின் நூலகத்துக்கு இறங்கி வந்தார். "உங்கள் நாட்டில் இறந்தவர்களுக்கு என்ன கட்டுவீர்கள்?" என்று கேட்டார். ஒன்றும் கட்டமாட்டோம் என்று சொல்லியிருக்க வேண்டும். எங்கள் தாத்தாவுக்குத் தெருமுனையில் ஒரு கல்கூட இல்லை. ஆனால் இரண்டு வருஷமாக அந்த மனிதர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு பெரிய படப் புத்தகத்தை எடுத்து விரித்து, ராஜஸ்தான் அரசர்களுக்குக் கட்டிய குவிமாட மண்டபங்களைக் காட்டினேன். தூண்கள், மேலே குடை மாதிரிக் குவிமாடம், உச்சியில் கலசம், பின்னால் சூரியன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

"இது கல்லறை இல்லை சார். சத்ரி என்பார்கள். குடை என்று அர்த்தம். ராஜாவை எரித்து, சாம்பலை ஆற்றில் விட்டுவிடுவார்கள். எரித்த இடத்தில் இதைக் கட்டுவார்கள். உள்ளே யாரும் கிடையாது."

"உள்ளே யாரும் கிடையாதா?"

"கிடையாது."

"எலும்பு?"

"ஒன்றுமே கிடையாது."

பிளென்கின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "பதினெட்டு வருஷமாகக் கல்லறைப் பிரிவும் என் பொறுப்புதான், மிஸ்டர் பார்த்தா. அங்கே வரும் அத்தனை தொல்லைக்கும் காரணம் உள்ளே ஆள் இருப்பதுதான். உங்கள் மக்கள் இதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள்!" என்றார். சுகாதாரத் துறை அனுமதி வேண்டாம், தோண்ட வேண்டாம், உறவினர் சண்டை வராது. அவர் கண் கலங்கியதாகவே எனக்கு ஞாபகம்.

"ஆனால் முதலில் சாம்பலை ஆற்றில் விட வேண்டும் சார்" என்று பக்கத்தைப் புரட்டினேன்.

"அது மற்ற விதி" என்று சொல்லி, புத்தகத்தை மூடி எடுத்துக்கொண்டு போனார். இன்றுவரை திருப்பித் தரவில்லை.

இருபத்தொன்பதாம் நாள் குழு கூடியது. சச்சிதானந்தன் டை கட்டிக்கொண்டு போனார். துணைக்கு நானும் போனேன். மேயர் ஹாப்குட் எழுந்து பேசினார். இறைச்சிக் கடை வைத்து முன்னுக்கு வந்தவர், குரல் வெண்கலம்.

"இந்த நகரத்தில் எல்லோருக்கும் இடம் உண்டு. கிரேக்கர்களுக்கு ஒரு நீரூற்று கொடுத்தோம். தண்ணீர்தான் இன்னும் வரவில்லை. இத்தாலியர்களுக்கு ஒரு பெஞ்சு கொடுத்தோம். இப்போது இந்தியர்களின் இறந்தவர்களையும் வரவேற்கிறோம், அவர்கள் இங்கே இல்லாத பட்சத்தில்!"

எல்லோரும் கை தட்டினார்கள். சச்சிதானந்தன் எழுந்தார். "ஐயா, எனக்கு மண்டபம் வேண்டாம். என்னுடைய மனைவியின் சாம்பலை ஓடையில் விடப் பத்து நிமிடம் போதும். நாளை மறுநாள் முப்பத்தோராம் நாள்" என்றார்.

"பத்து நிமிடமாம்!" என்று மேயர் மற்றவர்களைப் பார்த்தார். "என்ன அடக்கம் பாருங்கள். உங்களை இவ்வளவு குறைவாகக் கேட்க நாங்கள் விட மாட்டோம், மிஸ்டர் சட்ச்."

கால்பந்து இறுதிப் போட்டி முடிந்த பிறகு மறுபடி கூடுவதென்று கலைந்தார்கள். அதற்கு ஏழு வாரம் இருந்தது. முப்பத்தோராம் நாள் சச்சிதானந்தன் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தார். நான் போனபோது கராஜ் வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே போனால் தீட்டு, விட்டுப் போனால் அவ தனிய இருப்பா என்றார்.

அக்டோபரில் கூடியபோது புதுச் சிக்கல் வந்தது. கொழும்பில் ஒரு பிற்பகல் நின்றவர் நான் காட்டிய படப் புத்தகத்தை வாசித்திருந்தார். இந்த மண்டபம் அரசர்களுக்கு மட்டுமே உரியது, திருமதி சட்ச் அரச குடும்பம் என்பதற்கு அத்தாட்சி உண்டா, நாம் உண்மையான பண்பாட்டைத்தானே பேண வேண்டும் என்றார். யாழ்ப்பாணத்தில் முன்பு அரசர்கள் இருந்ததாகக் கேள்விப்பட்டதாகவும், மிஸ்டர் சட்ச் அந்த வம்சம் என்று ஒரு சத்தியக் கடதாசியில் கையெழுத்துப் போட்டால் போதும் என்றும் பிளென்கின் உதவிக்கு வந்தார்.

"சும்மா போட்டுடுங்க சார்" என்று காதில் சொன்னேன். "அப்புறம் ராஜா வழக்கப்படி முதல்ல ஆத்துல கரைக்கணும்னு நாம பிடிச்சுக்கலாம்."

"பொய்ச் சத்தியம் செய்யிறதோ?" என்றார். பிறகு குழுவைப் பார்த்து, "என் தகப்பனார் சுருட்டுக் கடை வைத்திருந்தார். மனைவியின் தகப்பனார் தபால் கந்தோரில் முத்திரை விற்றவர்" என்று தெளிவாகச் சொன்னார். பிளென்கின் அதைக் குறிப்பில் ஏற்றிக்கொண்டார்.

அந்த நேர்மைக்குப் பரிசாக மேயர் ஒரு வழி கண்டுபிடித்தார். போரில் இறந்த பெயர் தெரியாத சிப்பாய்க்கு நினைவிடம் இருக்கிறதே, அதுபோல் இதைப் பெயர் தெரியாத அரசருக்கு என்று வைத்துவிட்டால் என்ன? பெயர் இல்லை, உடல் இல்லை, உறவினர் இல்லை. ஆறு பேரும் கை தூக்கினார்கள். இரஞ்சிதம் அம்மாளின் பெயர் கோப்பிலிருந்து போனது அன்றுதான். யாரும் கோடு போட்டு அடிக்கவில்லை, அது இருந்த பக்கத்துக்கு வேலை முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

இதோடு விட்டார்களா? படம் வரைய ஆள் வேண்டும். மாடியில் ஒருவர் இருக்கிறார், இந்தியர் மாதிரியும் இருக்கிறார். வேலை சச்சிதானந்தனிடமே வந்தது. அவர் மறுக்கவில்லை. மேலதிகாரி கொடுத்த வேலை. அளவு பிசகாமல் வரைந்தார். கல்லில் செதுக்க ஆள் கிடைக்காததால் தூண்களுக்கு வடிகால் குழாய்களையே நிறுத்தினார்கள். குவிமாடத்துக்கு, நீச்சல் குளம் செய்யும் ஒரு பட்டறையிலிருந்து பிள்ளைகளுக்கான ஃபைபர்கிளாஸ் குளம் ஒன்றை வாங்கிக் கவிழ்த்தார்கள். உள்பக்கம் நீலம், வெளியே வெள்ளை அடித்தாயிற்று. உச்சியில், குளத்துத் தண்ணீர் வெளியேற இருந்த ஓட்டை. அதில் பித்தளைக் கைப்பிடி ஒன்றைச் சொருகிக் கலசம் என்றார்கள்.

இவ்வளவும் நடந்துகொண்டிருக்கும்போது சச்சிதானந்தன் மாதம் ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். மண்டபம் நல்லது, மகிழ்ச்சி, ஆனால் எனது முதல் விண்ணப்பம் தொடர்பாக என்று. மாதம் ஒரு பதில் வந்தது: பரிசீலனையில் உள்ளது. அவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி வைத்தார். அந்த அடுக்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரமாக வரும். யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

திறப்பு விழா எழுபத்தேழு ஜூலையில். திதிப்படி இரஞ்சிதம் அம்மாளின் ஆட்டைத் திவசம், அதாவது முதல் வருஷத் திவசம், அன்றைக்கே வந்தது. நாளை மாற்றச் சொல்லி அவர் கேட்கவில்லை. கேட்க ஒரு படிவம் இருந்ததாம். நிரப்பத் தெம்பில்லை என்றார். அந்த ஒரு வருஷத்தில் அவர் நிரப்பாமல் விட்ட படிவம் அது ஒன்றுதான்.

நல்ல மழை. நாற்பது பேர் குடையுடன் நின்றார்கள். சச்சிதானந்தனுக்குச் சிவப்புத் தலைப்பாகை ஒன்று கொண்டுவந்தார்கள். எங்கட ஆக்கள் தலைப்பாகை கட்டுறேல்லை என்று சொல்லிப் பார்த்தார். நாடகக் குழுவிலிருந்து இரவல் வாங்கியது, பத்திரமாகத் திருப்பித் தர வேண்டும் என்றார்கள். கட்டிக்கொண்டார். கையில் ஒரு பை. அதில் என்ன இருக்கிறது என்று எனக்கு மட்டும் தெரியும். நீல நிறக் கம்பளி எட்டிப் பார்த்தது.

மேயர் குவிமாடத்தின் கீழே நின்று பேசினார். "இந்த மண்டபம் யாருக்கு? நமக்குத் தெரியாது. எதற்கு? அதுவும் தெரியாது. ஆனாலும் கட்டினோம்! இதைவிடப் பெரிய சகிப்புத்தன்மை வேறெங்கே உண்டு? மிஸ்டர் சட்ச் நம்மிடம் ஒன்று கேட்டார். நாம் வேறொன்றைக் கொடுத்தோம். அதற்குப் பெயர்தான் பெருந்தன்மை." அந்த நேரத்தில் கலசம் கழன்று விழுந்தது. ஓட்டை வழியாக மழை நேரே அவர் தலையில் இறங்கியது. கிழக்கு நாடுகளின் நிபுணர் பக்கத்தில் இருந்தவரிடம், இது அவர்களின் சடங்கு, தண்ணீர் மிக முக்கியம் என்று விளக்கினார். எல்லோரும் தொப்பியைக் கழற்றினார்கள்.

கூடாரத்தில் தேநீர் கொடுக்க ஆரம்பித்தார்கள். பூங்காவே காலி. இதைவிட நல்ல சமயம் வராது.

"சார், இப்ப" என்றேன்.

அவர் தலைப்பாகையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். பையுடன் சரிவில் இறங்கினார். முதல் தடவையாக, அனுமதி இல்லாமல். மழையில் ஓடை நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஓரத்தில் குந்தி, கார்டிகன் பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றினார். பெட்டியை எடுத்தார். மூடியில் கை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

எதிரே ஒரு பலகை. 'பாரம்பரியச் சின்னத்தைச் சார்ந்த நீர்நிலை. விதி 114. எப்பொருளையும் இடுதல் தடை செய்யப்பட்டுள்ளது.' மண்டபம் வந்ததால் அதைச் சுற்றி ஐம்பது கஜத்துக்குப் புதிய விதி போட்டிருந்தார்கள். பலகையிலிருந்த எழுத்து ஒவ்வொன்றும் அச்சு மாதிரி இருந்தது. அப்படி எழுத எங்கள் நகரசபைக் கட்டடத்தில் ஒருவரால்தான் முடியும்.

வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பொத்தான்களை மறுபடி போட ஆரம்பித்தார்.

நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். "யாரும் பாக்கல சார். கொட்டிடுங்க. சாமி சத்தியமா யாரும் பாக்கல."

"நான் எழுதின போர்ட், பார்த்தசாரதி."

"என்கிட்ட குடுங்க. நான் கரைக்கறேன். உங்களுக்குத் தெரியாதுன்னு இருங்க."

"நீங்கள் செய்வியள், எனக்குத் தெரியும்" என்றார். முகத்தில் வழிந்தது மழையா என்று நான் பார்க்கவில்லை. "ஆனா அவ என்னட்டையெல்லோ கேட்டவ."

ஆகஸ்டில் டவுன் கிளார்க்கிடமிருந்து கடைசிக் கடிதம் வந்தது. 'தாங்கள் கோரிய நினைவுச் சின்னம் தாங்கள் கோரியதைவிடச் சிறப்பான முறையில் நிறைவேற்றப்பட்டிருப்பதால், தங்கள் விண்ணப்பம் பூர்த்தியானதாகக் கருதிக் கோப்பு மூடப்படுகிறது.' மூடிய கோப்பைத் திறக்க ஒரு படிவம் உண்டா என்று கேட்டு அவர் எழுதினார். மூடிய கோப்பு தொடர்பான கடிதங்களுக்குப் பதில் எழுதும் வழக்கம் இல்லை என்பதால் பதில் வரவில்லை. நான் வேலையை விட்டுவிடுகிறேன் என்று ஒருநாள் கத்தினேன். விடவில்லை. வீட்டுக் கடன் இருந்தது.

இப்போது எழுபத்தொன்பது. ஞாயிற்றுக்கிழமைகளில் சச்சிதானந்தன் பூங்காவுக்குப் போய் மண்டபத்துப் படியில் உட்காருகிறார். உள்ளே உட்காரக் கூடாது என்று விதி. படி வெளியே சேர்த்தி. சில நாள் நானும் போவேன். போன வாரம் நாயைப் பிடித்துக்கொண்டு வந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவி நின்று, குவிமாடத்தை அண்ணாந்து பார்த்தாள். அழகாக இருக்கிறதே, இதற்குள்ளே யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள்.

"ஒருவரும் இல்லை, மேடம்" என்று இவர் மரியாதையாக எழுந்து நின்று சொன்னார்.

"அப்படியானால் அவர் எங்கே?"

சச்சிதானந்தன் கொஞ்ச நேரம் ஓடையைப் பார்த்தார்.

"கராஜில்" என்றார். "அங்கே சரியான குளிர்."

கிழவி தலையை ஆட்டிவிட்டு நாயை இழுத்துக்கொண்டு போனாள்.